லாடத்தின் குளிர் அளவு

எழுபத்திரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஆலை நிற்காது என்று ஆலைப் பொறியாளர் கூட்டத்தில் மூன்று முறை சொன்னார். காலை ஆறு மணிக்கு நீராவியை அடைப்பார்கள். நான்காம் நாள் காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள். அதற்குள், கொதிகலனிலிருந்து உலர்த்தும் கூடத்துக்குப் போகும் நீராவிக் குழாயில் கசிந்துகொண்டிருந்த ஒரு துண்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும்.

அந்தத் துண்டு நேராக இருக்காது. குதிரை லாடம் போல மேலே எழும்பி, திரும்பி, கீழே இறங்கும். பட்டறையில் அதற்குப் பெயரே லாடம்தான். எங்கள் பட்டறையில் செய்த புதிய லாடம், இரு முனைகளிலும் மஞ்சள் பிளாஸ்டிக் மூடியுடன் லாரியில் காத்திருந்தது. ஒரு முனை முகத்திலிருந்து மறுமுனை முகம் வரை, கசிவடைக்கும் கேஸ்கெட் வளையத்தின் தடிமனையும் சேர்த்து, 3,203 மில்லிமீட்டர்.

வழக்கமாக இப்படிச் செய்யும் துண்டில் ஒரு முனையை ஒரு சாண் கூடுதலாக விடுவார்கள். இடத்துக்குக் கொண்டுபோய், வைத்துப் பார்த்து, மிச்சத்தை வெட்டிவிட்டு அங்கேயே வெல்டு வைப்பார்கள். இங்கே அது முடியாது. உலர்த்தும் கூடம் முழுக்கக் கரைப்பான் வாடை. ஒரு தீப்பொறி கூடாது. செய்து கொண்டுபோனதை போல்ட் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான்.

அளவு கொடுத்தவள் நான். வெல்டு வைத்தவள் என் அக்கா.

இந்த வேலை முடிந்ததும் பட்டறைப் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்று முதலாளி சொல்வதாக இருந்தார். அக்கா பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள். அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டு மாதம் முன்பு வரை. அதன் பிறகு, ஆகாது என்று சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்ட ஒரு லாடம் பட்டறை வாசலில் வந்து கிடந்தது. அதன் முனையில் போல்ட் போடும் வட்டத் தகடான ஃபிளாஞ்சில், வெல்டு வைத்தவரின் எண்ணாக 7 என்று அடித்திருந்தது. ஏழு என் அக்காவின் எண்.

இடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இயற்பியல் படித்தவள். என் வேலை லேசர் கருவியோடு. அது முக்காலியில் நின்று தலையைச் சுற்றும். எதிரே உள்ளதை எல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாகத் தொட்டு எடுத்துக்கொள்ளும். ஓர் இடத்தில் மூன்று நிமிடம், பிறகு அடுத்த இடம். கணினியில் சேர்த்தால் புள்ளிகளால் ஆன இன்னோர் ஆலை எழுந்து நிற்கும். ஆலையின் பழைய வரைபடத்தில் ஒன்று இருக்கும். முப்பது வருடமாக யார் யாரோ நகர்த்தி, ஒட்டுப்போட்ட பிறகு சுவரோரம் இருப்பது வேறாக இருக்கும். எனக்கு வேண்டியது இரண்டாவது.

கருவி ஓடும்போது யாரும் பேச வேண்டியதில்லை. அதுவே எனக்குப் பிடித்திருந்தது. முப்பத்தெட்டு இடங்களில் வைத்து எடுத்தேன். குறுக்கே நடந்தவர்கள் பாதி உடம்பாகப் பதிந்திருந்தார்கள். ஆலையில் சங்கிலிக் கப்பி இழுப்பவர் மூன்று இடங்களில் இடுப்புக்குக் கீழே மட்டும் இருந்தார். அதை அவருக்குக் காட்டியது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும், "என்னம்மா, என் மேல் பாதி கெடச்சுதா?" என்பார்.

மாதிரி தயாரானது. லாடத்தின் இரண்டு ஃபிளாஞ்சுக்கும் இடையே 3,162. கூட்டத்தில் பொறியாளர் திரையைப் பார்த்துவிட்டு, "லேசர் பொய் சொல்லாது" என்றார். முதலாளி கையெழுத்துப் போட்டார். அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துக்கான இடத்தை மட்டும் பார்ப்பவர். அக்கா அந்த அளவுக்கே வெட்டி, வெல்டு வைத்து, எண்ணையும் அடித்தாள்.

அன்று மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா மருத்துவமனைக்கான போர்வைகளைத் தையல் இயந்திரத்தில் ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா தீப்பொறி பட்ட முழங்கையில் எண்ணெய் தடவியபடி திடீரென்று கேட்டாள்.

"ஏய் பூச்சி, நீ அளக்கறப்ப லைன் ஓடிட்டா இருந்துச்சு?"

வாயில்லாப் பூச்சி என்பதன் சுருக்கம் அது. நான் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ம்."

"சூடாவா?"

என் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

ஒரு மீட்டர் இரும்பு, நூறு டிகிரி சூடேறினால் ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் நீளும். முதல் வருடப் பாடம். நான் அளந்தபோது குழாய் நூற்றெண்பது டிகிரியில் இருந்தது. நீண்டு, இரண்டு பக்கமிருந்தும் லாடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. நீராவியை நிறுத்தினால் ஆறும், சுருங்கும், விலகும். மாட்டப்போகும் நாளில் அந்த இடைவெளி நான் அளந்த இடைவெளியாக இருக்காது.

"எவ்வளவு வித்தியாசம் வரும்?" என்றாள் அக்கா.

தண்ணீர்ச் சொம்பின் பக்கத்தில், ஈர விரலால் கணக்குப் போட்டேன். இருபத்து மூன்று மீட்டர் குழாய். நூற்றைம்பது டிகிரி.

"நாப்பத்தொண்ணு."

"சென்டியா?"

"மில்லி."

"அதுக்கே இப்படி முழிக்கறியா? சரி, அங்க லாடம் எதுக்குடி வச்சிருக்காங்க?"

"சூட்டுல நீளறதைத் தாங்கறதுக்கு."

"அத அளக்கப் போயி அதையே மறந்துட்டு வந்திருக்க. யம்மா, உன் சின்னப் பொண்ணுக்குத் திருஷ்டி சுத்திப் போடு!"

அம்மா மிதியை நிறுத்தினாள். "என்னடி பண்ணா அவ?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பிரச்சினை."

"ஒருத்தி ஊருக்கே சேத்துப் பேசறா. இன்னொருத்திக்கு உப்பு வேணும்னு கேக்கக்கூட வாய் வராது" என்று அம்மா மறுபடியும் மிதிக்கத் தொடங்கினாள்.

"நாளைக்கு முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் ஆறு மாதத் தற்காலிக வேலை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதன் பிறகு நிரந்தரம், அல்லது வீடு.

"நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்த லைன் நாலு தரம் ஆறி நாலு தரம் சூடாயிரும். பேசாம சரியான அளவைப் போட்டு எடுத்துட்டு வா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அவள் பட்டறைப் பலகையிலிருந்து பழைய தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தாள். புதிய தாளை மாட்டினாள். 3,203. மூலையில் சின்ன எழுத்தில் 'குளிர்ந்த நிலையில்' என்று நான் எழுதியிருந்தேன். பழையது கிரீஸ் பட்டு வீணாகிவிட்டதென்று சொல்லி முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கினாள். பிறகு, எல்லோரும் இருக்கும்போது சத்தமாகச் சொன்னாள்: "முதலாளி, லாடத்தை நான் நாப்பத்தொரு மில்லி கொறைச்சு வெட்டிட்டேன். வேற பண்ணித் தரேன்."

நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் வாய் திறந்தது. அதற்குள் முதலாளி சிவப்புச் சாயம் எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். பத்தாம் நாள், வேலை நிரந்தரமான பிறகாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தைய நாளைவிடக் கடினமாகிக்கொண்டே போயிற்று. பட்டறையில் அக்காவுக்குப் புதுப் பெயர் வந்திருந்தது. 'நாப்பத்தொண்ணு வந்தாச்சா?' 'நாப்பத்தொண்ணு, டீ குடிச்சியா?' அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் மட்டும் அந்த எண் பேச்சில் வந்தால் எழுந்து போய்விடுவாள்.

ஆலையை நிறுத்திய அன்று காலை ஆறு மணிக்கு நீராவி நின்றது. முதலில் குழாயில் தங்கிய தண்ணீரை வடித்தார்கள், பிறகு இருபத்து மூன்று மீட்டர் நீளத்துக்கும் குழாயைப் போர்த்தியிருந்த உறையைக் கழற்றினார்கள். அலுமினியத் தகடுகள் தரையில் குவிந்தன. பத்து மணிக்குப் பழைய லாடம் கப்பியில் தொங்கி இறங்கியது. இரும்பு இன்னும் தொட முடியாத சூட்டில் இருந்தது. தடித்த கையுறையோடு பொறியாளரே டேப்பைப் பிடித்தார்.

"மூவாயிரத்து நூத்தி எழுபது." அவர் நிமிர்ந்தார். "உங்க துண்டு எவ்வளவு?"

"எரநூத்தி மூணு" என்றார் முதலாளி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"முப்பத்துமூணு மில்லி அதிகம்."

"லேசர் அளவு சார்..."

"லேசர் என்ன சொன்னா என்ன, டேப்பு இதோ கையில இருக்கு. நேரம் இருக்கறப்பவே லாரியத் திருப்புங்க. பட்டறைல வெட்டி ஒட்டிக் கொண்டாங்க."

முதலாளி அக்காவிடம் திரும்பினார். "போன தடவ கொறைச்ச. இப்ப கூட்டிட்டியா?"

"நாப்பத்தொண்ணுக்கு இனிமே முப்பத்துமூணுன்னு பேர் வச்சிரலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"முதலாளி, குழாய் இன்னும் சூடா இருக்கு, அது..." என்று ஆரம்பித்தாள் அக்கா.

"நீ வாயத் தொறக்காத. உன்னை நம்பி நான் இவர் முன்னாடி நிக்கறேன் பாரு."

அக்கா நிறுத்திக்கொண்டாள். என் அக்காவை யாரும் பாதிப் பேச்சில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. அவள் என்னைப் பார்க்கவும் இல்லை. மேலே, இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாரி ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

என் சட்டைப் பையில் மார்க்கர் இருந்தது. கீழே கிடந்த தகடுகளில் ஒன்றைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். அதில் எழுதினேன்.

120 டிகிரி: 3,178
90 டிகிரி: 3,186
60 டிகிரி: 3,195
30 டிகிரி: 3,203

மேலே இன்னொரு வரி இருந்தது. நூற்றெண்பது டிகிரிக்கான வரி. அதற்கு இடம் விட்டேன். எழுதவில்லை.

வெப்பம் காட்டும் துப்பாக்கியை எடுத்துப் பொறியாளர் கையில் கொடுத்தேன். அவர் தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னது இது, ஜோசியமா?"

"ஜோசியம்னா ராசி கேக்கும் சார். இது டிகிரி கேக்குது" என்றார் கப்பிக்காரர்.

"ஆறினா சுருங்கும்னு எனக்கும் தெரியும். ஆனா முப்பத்துமூணு மில்லி சுருங்குமா? கதை விடாதீங்க."

"நூத்திருபது வரைக்கும் பாருங்க, சார்" என்றேன். எனக்கே பாதிதான் கேட்டது.

பொறியாளர் துப்பாக்கியைக் குழாய்மேல் காட்டினார். நூற்றைம்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. நூத்திருபது வரைக்கும். ஒரு மில்லி தப்பினாலும் லாரி போயிரும்."

லாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றதும்தான் நான் மூச்சு விட்டேன்.

பதினொன்றே காலுக்கு நூற்றிருபது வந்தது. பொறியாளர் ஏணியில் ஏறி டேப்பைப் பிடித்தார். படித்தார். டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பிடித்தார்.

"நூத்தி எழுபத்தெட்டு."

அவர் தானே போய்த் தகட்டில் முதல் எண்ணுக்கு எதிரே ஒரு சரி போட்டார்.

அடுத்த முறை ஏணிக்குக் கீழே ஏழு பேர் நின்றிருந்தார்கள். தொண்ணூறு டிகிரி. மேலிருந்து குரல் வந்தது: "நூத்தி எம்பத்தேழு. ஒண்ணு ஜாஸ்தி."

"ஒண்ணெல்லாம் கோடோட தடிமன் சார்" என்றார் கப்பிக்காரர்.

"ஒண்ணுன்னா ஒண்ணுதான். நான் சொன்னது சொன்னதுதான்."

முதலாளி கைக்குட்டையை எடுத்தார். நான் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு குழாயோடு நடந்தேன். பொறியாளர் ஏணிக்குப் பக்கத்தில் மட்டும் சூட்டைப் பார்த்திருந்தார். அது கொதிகலன் சுவரை ஒட்டிய இடம், மெதுவாகத்தான் ஆறும். பத்து மீட்டர் தள்ளிக் காட்டினேன். எண்பத்தாறு. இன்னும் தள்ளி, எண்பத்தைந்து. திரும்பி வந்து திரையை அவரிடம் நீட்டினேன். அவர் ஏணியிலேயே நின்று மனதுக்குள் கணக்குப் போட்டார். உதடு அசைந்தது.

"அப்போ நூத்தி எம்பத்தேழுதான் வரணும்" என்றார் மெதுவாக. "சரியாத்தான் இருக்கு." பிறகு கீழே பார்த்து, "என்ன எல்லாரும் வேலையில்லாம நிக்கறீங்க?" என்று அதட்டினார். யாரும் நகரவில்லை.

அறுபது டிகிரிக்கு உலர்த்தும் கூடத்திலிருந்தே ஆட்கள் வந்துவிட்டார்கள். அளப்பதற்கு முன்பே பின்னாலிருந்து ஒருவர் "தொண்ணூத்தஞ்சு!" என்று கத்தினார். பொறியாளர் டேப்பைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தொண்ணூத்தஞ்சு" என்றார். கைதட்டல் எழுந்தது. மேலே ஒரு இரும்புக் குழாய், யாருக்கும் தெரியாத வேகத்தில், நான் எழுதிவைத்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த அதே சுருக்கம்.

கடைசி முப்பது டிகிரிதான் நீண்டது. இரும்பு இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு அவசரமே இல்லாமல் ஆறும். அக்கா வெறும் கையைக் குழாய்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐந்தே காலுக்கு, "ஏய் பூச்சி, வா, தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். சுவரைப் போல இருந்தது.

"ஏத்தலாமா?" என்று கேட்டார் பொறியாளர். அவர் முதலாளியைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

தலையசைத்தேன்.

மஞ்சள் மூடிகளைக் கழற்றினார்கள். கப்பிக்காரர் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுத்தார். லாடம் எழும்பியது. அக்கா சாரத்தில் நின்று அதன் வயிற்றில் கை வைத்து வழிகாட்டினாள். "கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... அண்ணே, மூச்சு விடற அளவுக்கு எறக்கு." லாடம் இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கும் நடுவில் இறங்கியது. எதிலும் உரசவில்லை. அக்கா இடது கையால் கேஸ்கெட்டைச் செருகினாள். ஒரு போல்டை எடுத்துத் துளையில் வைத்தாள். இரண்டு விரலால் தள்ளினாள்.

போயிற்று.

அடுத்தது. அதற்கடுத்தது. ஒரு முனைக்கு எட்டு, இரண்டு முனைக்கும் பதினாறு. ஒன்றுக்குக்கூடச் சுத்தியல் தேவைப்படவில்லை. பதினாறாவது போல்ட் உள்ளே போனதும் அக்கா சாரத்தின் மேலிருந்து இரண்டு கைகளையும் தூக்கி ஒரு சத்தம் போட்டாள். கீழே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டார்கள். கப்பிக்காரர் தன் இடுப்பைத் தட்டி, "என் கீழ் பாதியாலதான் இது நடந்துச்சு, எழுதிக்கம்மா" என்றார். பொறியாளர் என் கையைக் குலுக்கினார், விடாமல். ஐந்து நாற்பது. அறுபது மணி நேரமும் இருபது நிமிடமும் மிச்சம்.

"முதல் தடவையே இப்படி வெட்டியிருந்தா நமக்கு ஒரு லாடம் மிச்சமாயிருக்குமே, நாப்பத்தொண்ணு?" என்றார் முதலாளி. அவர் கோபத்தில் சொல்லவில்லை, மகிழ்ச்சியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சாரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அக்காவும் சிரித்தாள்.

முதலாளி அதே மகிழ்ச்சியில் தகட்டிடம் போனார். சரி போட்ட எண்களை ஒவ்வொன்றாகத் தடவினார். விரல் மேலே ஏறி, காலியாக இருந்த இடத்தில் நின்றது.

"இங்க ஏன் எடம் விட்டிருக்க?"

அவர் தகட்டையே பார்த்தார்.

"லைன் ஓடறப்ப நூத்தெண்பது இருக்கும். அப்ப என்ன அளவு வரும்?"

அக்கா கடைசிப் படியிலிருந்து குதித்து வந்தாள். "முதலாளி, காலைலேர்ந்து இரும்பு ஆறினதைப் பாத்தது போதும். அங்க டீ ஆறிட்டிருக்கு, வாங்க." என் பக்கம் வந்து முழங்கையைக் கிள்ளினாள். "விடு," என்றாள் மூச்சுக்குள். "முடிஞ்சு போச்சு, விடுடி."

நான் மார்க்கரைத் திறந்தேன். விட்டுவைத்த இடத்தில் எழுதினேன். 180 டிகிரி: 3,162.

ஆலையில் ஒரு இயந்திரமும் ஓடவில்லை. அதனால், நான் வழக்கமாகப் பேசும் குரலில்தான் பேசினேன் என்றாலும், வாசலில் நின்ற லாரி ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"இது மொதல் லாடத்தோட அளவு. நான் குடுத்தது. அக்கா அதுல ஒரு மில்லிகூடத் தப்பா வெட்டல. சூட்டை மறந்தது நான்."